சம்மதமில்லாமல் பறிக்க முடியாதது

லண்டன் ரயிலில் பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அதனால், டூட்டிங்கில் ஏறிய ஒரு வெள்ளைக்காரர் என் மடியிலிருந்த அமெரிக்க அரசியல் யாப்பை, அந்த நாட்டின் அடிப்படைச் சட்டப் புத்தகத்தைக் காட்டி, "அமெரிக்காவுக்குக் குடிபோகிறீர்களா?" என்றபோது திகைத்துப்போனேன். இல்லை, லண்டனிலுள்ள எங்கள் ஊர்ச்சங்கத்துக்கு ஒரு யாப்பு எழுத என்றேன். அவருக்கு விளங்கவில்லை. தங்கள் நாட்டு யாப்பை ஒரே ஏட்டில் எழுதிவைக்கவே இல்லை, எழுதாமலே நன்றாக நடக்கிறது என்றார். இவர்களுக்கு நடக்கும். எங்களுக்கு எழுதியும் நடக்கவில்லை.

எங்கள் நாட்டு யாப்பில் சிறுபான்மைக்கென்று எழுதியிருந்த பாதுகாப்பைப் பெரும்பான்மை கையை உயர்த்தியே இல்லாமலாக்கியது. அந்தக் கசப்பில்தான் அமெரிக்கர்களை வாசித்தேன். அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றை ஒன்று மறிக்க வைத்திருக்கிறார்கள். ஒரு சபையில் சனத்தொகைப்படி ஆசனம். மற்றதில் பெரிய மாநிலத்துக்கும் சின்னதுக்கும் இரண்டிரண்டு. அந்தச் சமத்துவத்தை ஒரு மாநிலத்தின் சம்மதமில்லாமல் பறிக்க முடியாது. ஆசனக் கணக்குக்கு ஓர் அடிமையை ஓர் ஆளின் ஐந்தில் மூன்று பங்காக எண்ணியவர்களும் அவர்கள்தான். அதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள்; ராசையா அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

சங்க யாப்பை எழுதும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். ஊரின் நாலு பகுதிகளான குறிச்சிகள் ஒவ்வொன்றுக்கும் நிர்வாகத்தில் இரண்டிரண்டு பேர், அந்தக் குறிச்சியின் சம்மதமில்லாமல் அதை மாற்ற முடியாது என்று எழுதினேன். கைதட்டி நிறைவேற்றினார்கள். ராசையா அண்ணை கீழ்க்குறிச்சி. அவர் படித்த பள்ளிக்கூடம் மழைக்கு ஒழுகும். சங்கமோ வருசாவருசம் எங்கள் மேற்குறிச்சிப் பள்ளிக்கே கட்டடம் கட்டிக்கொடுக்கும். லண்டனில் நாங்கள்தான் அதிகம். ஊரில் கீழ்க்குறிச்சியாருக்குத் தேத்தண்ணி கொடுக்க எங்கள் வீடுகளில் சாதி பார்த்துத் தனியாக ஒரு தகரப் பேணி இருந்தது. அதுவும் எங்களோடு விமானம் ஏறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

புது நிர்வாகத்தின் முதல் கூட்டத்திலேயே சின்னக் குறிச்சிகள் மூன்றும் சேர்ந்து, ஒழுகும் பள்ளிக்குக் கூரை போடுவதென்று முடிவெடுத்தன. உடனே எங்கள் மேற்குறிச்சியார் விசேட பொதுக்கூட்டம் கூட்டினார்கள். வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபம் நிறைய எங்கள் ஆட்கள். இரண்டிரண்டு ஆசனப் பிரிவை நீக்கத் தீர்மானம் வந்தது.

"அவையின்ர சம்மதமில்லாமல் எடுக்க ஏலாது எண்டு எழுதியிருக்கு," என்றேன்.

"எழுதின நாங்கள்தானே வெட்டுறம்," என்றார் தலைவர். "சனநாயகம் எண்டால் பெரும்பான்மைதானே, தம்பி."

இந்த வசனத்துக்குத் தப்பித்தான் நாங்கள் எல்லோரும் நாட்டைவிட்டே ஓடிவந்தோம். இங்கே அதை என் சொந்த மொழியில் கேட்டேன். கைகள் உயர்ந்தன; இரண்டிரண்டு ஆசனம் போயிற்று, அதோடு கூரையும் போயிற்று. என் கை மடியிலேயே இருந்தது; அதனால் எதுவும் மாறவில்லை.

ராசையா அண்ணை குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வாசல்வரை பின்னால் போனேன்.

"அமெரிக்காக்காரர் ஆக்களைப் பங்கு போட்டு எண்ணினவை எண்டு சொன்னனீர்," என்றார். "இவையள் எங்களை எத்தினை பங்காய் எண்ணினவை?"

பதிலுக்கு நிற்காமல் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். உள்ளே எல்லோரும் சேர்ந்து படம் எடுக்கக் கதிரைகளை வரிசையாக்கிக்கொண்டிருந்தார்கள். யாப்பு எழுதியவர் நடுவில் இருக்க வேண்டுமாம். ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில், கதவைப் பிடித்தபடி நின்றேன்.

"கதவைச் சாத்துங்கோ அண்ணை," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "குளிர் உள்ளுக்கு வருது."