ஏச மாட்டம், சொல்லுங்கோ

மானிப்பாயில் எங்கள் கணினி திருத்தும் கடையின் முன்மேசையில் நின்றபோதுதான் செய்தி வந்தது. எதிரே ஒருவர் மடிக்கணினியை நீட்டி, "நான் ஒண்டுமே செய்யேல்லை பிள்ளை, தானாத்தான் நிண்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் நேசன் அண்ணையின் மனைவி. "அவர் போயிட்டார் பிள்ளை" என்றார்.

பதினொரு வருடம் அவரோடு வேலை செய்தேன். அவரைத் தெரிந்த உங்களுக்கு அவர் கேள்வியும் தெரியும்: "பழுதாக முதல் கடைசியா என்ன செய்தனீங்கள்?" ஒருவராவது நேரே பதில் சொல்லவேண்டுமே! தொண்டைமானாற்று ஐயா ஒருவர் திரையை மட்டும் மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். கணினிப் பெட்டி வீட்டில். "அதுக்கு ஒண்டுமில்லைத் தம்பி, படம்தானே வரேல்லை." அண்ணை தலையில் கைவைத்தார். பிறகு ஐயாவுக்குத் தேத்தண்ணி எடுப்பித்தார்.

உடுவில் ரீச்சர் ஒருவரின் வினாத்தாள்கள் காணாமல்போயின. "ஒருத்தரும் தொடேல்லை" என்று சாதித்தார். இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள்தான் வாய் திறந்தார். "மகன் கனடாவிலயிருந்தே இன்ரநெற்றாலை கணினிக்குள்ள போய்த் துப்புரவாக்கினவன். அவனிலை பிழை வரக்கூடாதெண்டுதான் சொல்லேல்லை." அண்ணை வெடித்தார்: "முதலே சொல்லியிருந்தா பத்து நிமிச வேலை ரீச்சர்!" அன்றே ஓர் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டினார்: "என்ன செய்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ. ஏச மாட்டம்." அதன் பிறகும் ஏசத்தான் செய்தார்.

அந்த அட்டையை ஒட்டிய மனுசன் தனக்கு வந்தபோது என்ன செய்தார் தெரியுமா? மூன்று கிழமையாக நெஞ்சு நோ. கனடாவிலிருக்கும் மச்சானுக்கு, மனைவியின் தம்பிக்கு, வட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார். மச்சான் வாய்வு என்றாராம். வாய்வுக் குளிசையை விழுங்கிக்கொண்டு கடைக்கு வந்து பெட்டிகளைத் தூக்கினார். எங்களிடம் மூச்சு விடவில்லை. ஆசுப்பத்திரியில் டொக்டர், "எப்ப தொடங்கினது?" என்று கேட்டதற்கும், "இண்டைக்குத்தான்" என்றாராம். முதலே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் பிறகு சொன்னாராம். "என்ரை தம்பியிலை பிழை வரக்கூடாதெண்டு மறைச்சவர்" என்று அண்ணையின் மனைவி அழுதார். எனக்கு அழுகைக்கு முன் எரிச்சல்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

அந்த அட்டையை நான் உரிக்கவில்லை. அவர் கேள்வியையும் விடவில்லை. வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்கிறேன், பதில் வரும்வரை கேட்கிறேன். ஆனால் அட்டையில் இருப்பது முழு உண்மையில்லை அண்ணை. நீங்கள் என்னிடம் சொல்லியிருந்தால் ஏசித்தான் இருப்பேன். ஏசிக்கொண்டே ஓட்டோவில் ஏற்றியிருப்பேன்.