மீன்குழம்பில் விழுந்த ஸ்பிரிங்

தில்லைநாதன் மாமா பதினொரு வருடமாகத் துப்பாக்கிக் கடையில் வேலை செய்தவர். ஆனால் ஒரு முழுத் துப்பாக்கியை அவர் கையில் பிடித்ததில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது சுவிஸ் சட்டம். அதனால் பேர்ணுக்கு வெளியே, ஆற்றோரமாக இருந்த அந்தச் சிறிய கடையில், துப்பாக்கிகளை முன்னறையில் கழற்றி, ஸ்பிரிங், ஆணி, திருகாணி போன்ற சில்லறைச் சாமான்களை மட்டும் ஒரு தட்டில் வைத்துப் பின்னறைக்கு அனுப்புவார்கள். மாமா அவற்றைக் கழுவுவார், துடைப்பார், வேண்டியவற்றுக்கு நிக்கல் பூசுவார். எங்கே வேலை என்று யாராவது கேட்டால், "ஒரு ஆணிக்கடையிலை," என்பார். கோயிலில் பாதிப் பேர் அதை நம்பியிருந்தார்கள்.

2006 வசந்தத்தில் நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். மூன்று வருடம் உலகம் சுற்றிவிட்டு வந்திருந்தேன். கடைசி இரண்டு கோடைகாலம் வடதுருவப் பக்கம் போகும் ஒரு சுற்றுலாக் கப்பலின் சமையலறையில் வேலை. வீட்டுக்கு வந்து பத்தாம் நாளே எனக்குக் கால் அரிக்கத் தொடங்கியது. அம்மா மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"தில்லை, இவளுக்கு ஏதாவது வேலை பாரன். இல்லாட்டி திரும்பப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிடுவாள்."

கடையில் தொலைபேசி எடுக்கும் பெண் பிள்ளைப்பேறு விடுப்பில் போயிருந்தாள். கடைக்காரி லூதி அம்மையாருக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. அறுபது வயது, குட்டை முடி, சிரிப்பதற்கு முன் யோசிக்கிற பெண்மணி. என்னை இரண்டு மாதத்துக்கு எடுத்துக்கொண்டார்.

எனக்குக் கிடைத்த முதல் வேலையே வில்லங்கம். பாசலில் இருந்த ஒரு பயண நிறுவனம், வடதுருவத்துக்குக் கிட்ட உள்ள ஸ்பிட்ஸ்பேர்கன் தீவுக்குப் போகும் தங்கள் கப்பலுக்கு ஆறு பம்ப் சொட்கன் கேட்டிருந்தது. முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறுகிற வகை. பனிக்கரடி கிட்ட வந்தால் வழிகாட்டிகளுக்கு அதுதான் கைகொடுக்கும். கடல் உப்பில் துருப்பிடிக்காத மொடலாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. சாதாரண கறுப்பு நிறத்தில் எத்தனை வேண்டுமானாலும் கிடைத்தது. வெள்ளையாக மினுங்கும் கடல் மொடலுக்கு ஒருவர் எட்டு மாதம் என்றார், ஒருவர் அடுத்த வருடம் என்றார், லொசானில் ஒருவர் நான் சொல்லி முடிக்கமுன்னரே சிரித்தார். இரண்டு கிழமை கழித்து, ஒரு இறக்குமதியாளரிடம் கடைசி ஆறு இருப்பது தெரிந்தது. லூதி அம்மையார் அன்றைக்கு யோசிக்காமலே சிரித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பெட்டிகள் வந்தன. முதலாவது துப்பாக்கியின் சில்லறைகள், தொழிற்சாலை எண்ணெயைக் கழுவுவதற்காக, உடனே பின்னறைக்குப் போயின. கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு அட்டை. கை வைத்த ஒவ்வொருவரும் அதில் கையெழுத்திட வேண்டும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் சாமான் வெளியே போகாது.

திங்கட்கிழமை காலை மாமா என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். முகம் சரியில்லை. மேசையில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி, மூடி திறந்தபடி. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோக மறந்தது. ஜெயந்தி மாமியின் மீன்குழம்பு, அடியில் ஒரு விரல் உயரத்துக்கு. அதற்குள் தோட்டாக் குழாய்க்குள் இருக்கும் நீள ஸ்பிரிங், செக்கச்செவேலென்று.

"குழம்பு நிறமோ மாமா?"

"துரு, பிள்ளை. எண்ணெய் கழுவி வைச்சனான். தட்டிலையிருந்து உருண்டு விழுந்திருக்கு. இஞ்சை, இதையும் பார்."

விரலால் குழம்பைத் துழாவி ஒரு திருகாணியை எடுத்துத் துடைத்தார். அது பளபளவென்றிருந்தது.

"இது நான் போன மாதம் நிக்கல் பூசினது. இதுவும் சேர்ந்துதான் விழுந்தது. அதே புளி, அதே உப்பு, அதே மூண்டு நாள்."

"அப்ப அவங்கட கடல் மொடல்?"

"வெளியிலை மட்டும்தான் கடல். உள்ளுக்குச் சாதாரண இரும்பு."

கப்பலில் எங்கள் வழிகாட்டி தன் துப்பாக்கியைத் தினமும் அடுப்புக்கு மேலே காயவைத்தது நினைவுக்கு வந்தது. வெளியே மினுங்கிய அது ஒருநாள் பயிற்சியின்போது அசையவே மறுத்தது. அன்றைக்குக் கரடி இல்லை, சிரித்துவிட்டு விட்டோம்.

"லூதியிட்டைச் சொல்லுங்கோ மாமா."

அவர் பெட்டியை மூடினார். "எப்பிடிச் சொல்லுறது? வேலை மேசையிலை சாப்பிடக் கூடாது எண்டு சுவரிலை எழுதி ஒட்டிக் கிடக்கு. இரண்டு தரம் எச்சரிக்கை தந்திட்டா. இப்ப கெமைண்டேயிலை, ஊர்ச் சபையிலை, என்ர குடியுரிமை ஃபைல் கிடக்கு. முதலாளியிட்டையிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம் கேக்கிறாங்கள். இந்தக் கிழமை எழுதித் தாறன் எண்டவ."

"வேறை ஸ்பிரிங் போட்டிட்டு அட்டையிலை கையெழுத்து வையுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது."

நான் அதை விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் உண்மையாகவே யோசித்தார். அட்டையை எடுத்தார், பேனையைத் தேடினார், பேனை சட்டைப்பையிலேயே இருந்தும் தேடினார். பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

லூதி அம்மையார் பெட்டிக்குள் பார்த்தார். பிறகு முகர்ந்தார்.

"இது என்ன?"

"மீன்," என்றார் மாமா பேர்ண் ஜெர்மனில். "மேசையில் சாப்பிட்டேன். பிழை என்னுடையது. ஆனால் ஸ்பிரிங்கின் பிழை என்னுடையது இல்லை. இந்த ஆறுக்கும் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்."

"எண்ணெய் கழுவிய இரும்பை மீன்குழம்பில் போட்டால் துருப்பிடிக்கத்தான் செய்யும், ஹெர் தில்லைநாதன். வாடிக்கையாளர் இதைக் கடலில் கொண்டுபோகிறார். சூப்பில் அல்ல."

"சரி. அப்படியானால் கடல்."

இரண்டு ஜாம் போத்தல், குழாய்த் தண்ணீர், சமையல் உப்பு. ஒன்றில் இரண்டாவது துப்பாக்கியின் ஸ்பிரிங்கும் ஆணிகளும். மற்றதில் மாமா முன்பு நிக்கல் பூசி வைத்திருந்த ஒரு பழைய ஸ்பிரிங். இரண்டையும் லூதி அம்மையாரே தன் மேசையில் வைத்து, மூடிகளின் மேல் திகதி எழுதினார். மூன்று நாள். அந்த மூன்று நாளும் மாமா பேக்கரி வாசலில் நின்று சாப்பிட்டார். கடிதம் பற்றி அவரும் கேட்கவில்லை, லூதி அம்மையாரும் வாய் திறக்கவில்லை. மாமா வீட்டில் ஜெயந்தி மாமி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினொரு வருசம் வாயை மூடிக்கொண்டிருந்த மனிசன். இந்தக் கிழமைதான் வாய் திறக்க வேணுமோ? கேட்டனியோ நீயாவது?"

"உங்கட குழம்புதான் மாமி முதலிலை வாய் திறந்தது."

"நக்கல் வேண்டாம். புளி கூடிப்போச்செண்டு அண்டைக்கே சொன்னவர்."

வியாழக்கிழமை பாசல்காரர் நேரிலே வந்தார். முதல் போத்தலின் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. மற்றது தெளிவு. எங்கள் கப்பலில் நடந்ததை நான் சொன்னேன். அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தத் தெளிந்த போத்தலைச் செய்தவர் யார்?"

லூதி அம்மையார் பின்னறைப் பக்கம் கையைக் காட்டினார்.

ஆறு துப்பாக்கிகளின் உள்ளுறுப்புகளும் மாமாவின் நிக்கல் தொட்டிக்குப் போயின. பூசிய ஸ்பிரிங் முறியாமலிருக்க, ஒவ்வொன்றையும் நாலு மணித்தியாலம் சூட்டடுப்பில் வைத்தார். எல்லாமே இரண்டு கிழமை பிந்திப் போனது. கப்பல் புறப்பட அதற்குப் பிறகும் ஒரு மாதம் இருந்தது. ஆறு அட்டைகளிலும் மாமா ஆறுதலாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, முழுப்பெயரையும் எழுதினார்.

கடிதம் அடுத்த திங்கட்கிழமை கிடைத்தது. ஒட்டப்படாத உறை. மாமா அதைத் திறக்காமல் ரயிலில் வீடுவரை கொண்டுவந்தார். சமையலறையில் நான்தான் வாசித்து மொழிபெயர்த்தேன்.

"ஹெர் தில்லைநாதன் நேரம் தவறாதவர். தனக்குக் கெடுதல் வரும் என்று தெரிந்தும் தரமற்ற பொருளுக்குக் கையெழுத்திட மறுத்தவர். தடையை மீறி வேலை மேசையில் உணவு உண்பவர். இதை மூன்றாம் தடவையாகக் கண்டித்துள்ளேன். இவருக்கு ஒரு சாப்பாட்டு மேசை வாங்கியிருக்கிறேன். இவரை இழக்க நான் விரும்பவில்லை, கெமைண்டேயும் விரும்பாது என நம்புகிறேன்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாப்பாட்டு விசயத்தை எழுதாமல் விட்டிருக்கலாம்," என்றார்.

"மீன்குழம்பு எண்டு எழுதியிருக்கோ?" என்று ஜெயந்தி மாமி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"இல்லை மாமி. உணவு எண்டுதான் கிடக்கு."

"அது காணும். நாளைக்கே கொண்டுபோய்க் குடுங்கோ."