திருவட்டாற்றுப் பாவையின் முகம்

அஞ்சுகிராமத்திலிருந்து திருவட்டாறு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். 2012 தை மாதம், ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நானும் செல்லம்மை மைனியும் பஸ் ஏறினோம். மைனி என் வீட்டுக்காரரின் அக்கா. எழுபது தாண்டியும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்ப்பார்.

எனக்கோ ஒரு வருடமாக இரண்டு கண்ணிலும் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மருமகளுக்கு எட்டு மாதம். பிறக்கும் பிள்ளையை நான்தான் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும் என்று அவள் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண் தெரியாதவள் கையில் பச்சைப்பிள்ளையைக் கொடுப்பார்களா? ஆஸ்பத்திரி என்றால் நாலு பேருக்கு அலைச்சல். பெருமாளிடம் ரகசியமாகக் கேட்டுச் சரிப்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் கிளம்பினேன்.

வடசேரியில் வண்டி மாறினோம். பிச்சிப்பூ முழம் பத்து ரூபாய். மைனி இரண்டு முழம் வாங்கிவிட்டு, முழம் போட்ட பூக்காரியின் கை குட்டை என்று வண்டி கிளம்பும்வரை குறைப்பட்டுக்கொண்டார். தக்கலை தாண்டியதும் காற்று குளிர்ந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். எனக்கு அவை பச்சைச் சுவராகத்தான் தெரிந்தன.

பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள்: "எங்க போறிய, கோயிலுக்காக்கும்?"

"பெருமாளப் பாக்க. இவதான் பாக்கணும் பாக்கணும்னு ஒரே பிடியா நிக்கா" என்றார் மைனி.

ஐந்து மணிக்கு நடை திறந்தது. படியேறி உள்ளே போனோம். ஆண்கள் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். பெருமாள் அவ்வளவு பெரிதாகப் படுத்திருப்பதால் ஒரே பார்வையில் காண முடியாது. மூன்று வாசல். ஒன்றில் முகம், நடுவில் நாபி, மற்றொன்றில் பாதம். கூட்டம் தள்ளியதில் எந்த வாசலில் நிற்கிறேன் என்று தெரியவில்லை. இருட்டுக்குள் விளக்கின் மஞ்சள் புள்ளிதான் தெரிந்தது. சும்மா இருந்திருக்கலாம். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "என்ன ஒரு சிரிப்பு மைனி, அந்த முகத்துல!" என்றேன்.

"ஏட்டி, இது காலாக்கும்! பெருமாளு கால்வெரல வச்சா சிரிக்காரு?"

முன்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. "கூட்டத்துல சரியாப் பாக்கல" என்று மழுப்பிவிட்டு வெளியே வந்தேன்.

பிராகாரம் நீளமானது. தூணுக்குத் தூண் ஒரு கல் பெண், இரண்டு கையிலும் விளக்கை ஏந்தி நிற்கிறாள். பாவை விளக்கு என்பார்கள். ஒருத்தி மாதிரி ஒருத்தி இல்லை. கொண்டை வேறு, மூக்கு வேறு என்று மைனி சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கா பாரு, அச்சு அசல் என் சம்மந்தி! நீயும் இங்க எங்கயாவது நிப்பட்டி. அடுத்தவங்களுக்கு வெளக்குப் பிடிச்சே காலத்தப் போக்கினவ. தனக்குன்னு ஒண்ணு கேட்டிருப்பியா?"

எங்கள் குடும்பத்தில் என்னைப் புகழ்வதென்றால் இதைத்தான் சொல்வார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அப்போது விளக்கு வைக்கும் அம்மாள் ஒருவர் எண்ணெய்த் தூக்கோடு வந்தார். நாங்கள் நின்ற தூணின் பாவை கையில் எண்ணெய் விட்டு, திரி போட்டுக் கொளுத்தினார். நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றேன். சாம்பலுக்குள்ளிருந்து ஒரு முகம் எழும்பி வந்தது. உதடு, கன்னம், தாழ்ந்த இமை எல்லாம் தெரிந்தன. நடக்கிற பாதை இன்னும் இருட்டாகவே கிடந்தது. அதற்குள் அவள் முகம் நிறைய வெளிச்சம்.

பிறருக்காக நிற்பவள் என்றுதான் இவளை இத்தனை காலமும் நினைத்திருந்தேன். விளக்கை ஏந்துகிறவள் முகத்தில்தானே வெளிச்சம் முதலில் விழுகிறது! அவள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கல்லில் இதைச் செதுக்கியவன் என்ன நினைத்தானோ, எனக்கு இதுதான் தோன்றியது. எவ்வளவு நேரம் நின்றேனோ, முன்னே போயிருந்த மைனி திரும்பி வந்து தோளைத் தொட்டார்.

"மைனி, எனக்குக் கண்ணு தெரியல."

"எம்புட்டு நாளா?"

"ஒரு வருசமா."

"அடி பாவி மட்ட! அப்பம் போன வாரம் புளிக்கொழம்புல சீனியப் போட்டது?"

"உப்புன்னு நெனச்சு."

"வயசாயிப் புத்தி கெட்டுப்போச்சுன்னுல்லா நெனச்சேன்!" என்று சிரித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புள்ளயக் குளிப்பாட்டணும் மைனி. அதுக்கு முந்தி ஆபரேசன் பண்ணணும். வீட்டுல நானே சொல்லுதேன். நீங்க கூட நின்னாப் போதும்."

இப்படி நான் எதையும் கேட்டதில்லை.

"திங்கக்கெழமயே நாகர்கோயிலுக்குப் போவோம்" என்று மைனி என் கையைப் பிடித்தார். "வா, திரும்ப வரிசையில நிப்போம். பெருமாளு மொகம் எப்பிடி இருக்குன்னு நான் சொல்லித் தாறேன்."

"வேண்டாம், சொல்லாதீங்க. கண்ணு சரியானதும் நானே வந்து பாக்கேன்."

மைனி என்ன முகத்தோடு நின்றாரோ, எனக்குத் தெரியவில்லை. பிடித்த கையை விடாமல் படியிறங்கினார்.