எஸ்தரின் மெத்தையில் யார் குதிக்கிறார்கள்?

இன்று மாலை சித்தூர் பொருட்காட்சிக்குப் போனேன். அங்கே டிக்கெட் வாங்கிய குழந்தைகள் ஒரு பெரிய நீல மெத்தையில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் என் பழைய மாணவி எஸ்தர் அழாக்குறையாக நின்றாள். கோலூன்றித் தாண்டுதலில் மாநில சாம்பியன் அவள்.

"சார், இது நான் பிராக்டீஸ் பண்ற மெத்த. கிரவுண்டுலேர்ந்து எடுத்துக்கினு வந்துட்டாங்க. வர்ற வாரம் திருப்பதியில செலக்‌ஷன். தேறினாதான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை. இல்லன்னா அக்கா மாதிரி சென்னை கம்பெனிக்குத்தான் போவணும்."

டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டேன்.

"கிரவுண்டு ஆபீஸ்ல சொல்லிட்டுதான் எடுத்தாந்தோம் சார். அந்தம்மா குதிக்க முடியாது. பெரியவங்களுக்கு அலவ் இல்ல."

மைதான அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"பர்வாலேது, ஒண்ணும் ஆவாது மாஸ்டாரு! பொருட்காட்சி முடியற வரைக்கும் பொண்ண சும்மா ஓடிப் பழகச் சொல்லுங்க."

குளத்தில் தண்ணீர் இல்லையென்றால் படிக்கட்டில் நீந்திப் பழகு என்று யாராவது சொல்வார்களா? ஒரு மாடி உயரத்திலிருந்து மல்லாக்க விழுகிறவளுக்கு அந்த மெத்தைதான் உயிர். இதுகூடத் தெரியாதவரிடமா மைதானத்தின் சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறோம்?

இதை அவரிடமே சொன்னேன். அவர் அசரவில்லை.

"கோவப்படாதீங்க மாஸ்டாரு. நிறைவு விழாவுக்குத் தப்பாம வாங்க. மேடையில எஸ்தருக்கு சால்வை போத்துறோம்."

சால்வை எவ்வளவு தடிமன் என்று கேட்க மறந்துவிட்டேன். இனிமேல் அதன்மேல்தானே அவள் விழ வேண்டும்? விழாவுக்குப் போகிறவர்கள் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.