பன்றி ரூபாய்க்கு நான் சொன்ன விலை

1

ஊர்க்கூட்டத்தில் உட்கார வைத்து என்னை விலை சொல்லச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு மலை ஊர். காசு அங்கே இல்லை. இல்லாத காசுக்குத்தான் விலை கேட்டார்கள்.

நான் போளூர்க்காரி. ஐந்தாவது வரைக்கும் படித்தேன். பாசியும் வளையலும் விற்க மலைக்குப் போவேன். கையில் பணம் இல்லாதவர்கள் பழைய வெள்ளிக் காசைக் கொடுத்துப் பாசி எடுத்துக்கொள்வார்கள். அப்படித்தான் இந்தத் தொழில் எனக்கு வந்தது. வேலூரில் பழங்காசுக் கடை வைத்திருக்கும் பாபுவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். எந்த வருடத்துக் காசு கிடைக்காது, எதில் என்ன பார்க்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஒரு லென்ஸும் கொடுத்தார்.

காசில் தேய்மானம் இருந்தால் விலை குறையும். மாலையில் கோப்பதற்குக் காது பற்றவைத்திருந்தால் இன்னும் குறையும். மலையில் வேறொன்றும் செய்வார்கள். விற்கிற பொருளை அழுக்காகக் கொடுக்கக் கூடாது என்று, புளி போட்டு விளக்கிப் பளபளவென்று கொண்டுவருவார்கள். கடைக்காரர் பார்த்ததும் பாதி விலை போய்விடும்.

பாஞ்சாலை கொண்டுவந்த காசு அப்படி இல்லை. மஞ்சள் துணியில் சுற்றிச் சாமைப் பானைக்குள் வைத்திருந்தது. வெள்ளைக்கார ராஜா தலை போட்ட ரூபாய், 1911. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ராஜாவின் அங்கியில் ஒரு பொடி யானை இருக்கும். அந்த வருடத்துக் காசில் மட்டும் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரி தெரியும். ஜனங்கள் சங்கடப்பட்டதால் சர்க்கார் அதைத் திரும்ப வாங்கி உருக்கிவிட்டது. தப்பித்தது கொஞ்சம்தான்.

அவளுடைய சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல். போளூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். நான் தராசில் வைத்து, வெள்ளி எடைக்கு "எழுநூறு" என்றேன். வாங்கிக்கொண்டு போனாள். நான் பொய் சொல்லவில்லை. வேறொன்றும் சொல்லவும் இல்லை. பாபு எனக்கு ஆறாயிரம் கொடுத்தார்.

2

அந்த ரூபாய், பாஞ்சாலையின் மூத்த பெண் செல்விக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பரியம். அந்தப் பக்கத்தில் பெண் எடுக்கிறவர்கள்தான் பரியம் கொடுப்பார்கள். வாழப் பிடிக்காமல் பெண் திரும்பி வந்துவிட்டால், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் கல்யாண உறவை அறுத்துவிடுவார்கள்.

நான் அந்தக் காசை வாங்கி இரண்டு வருடம் கழித்து செல்வி தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுபடி போக மாட்டேன் என்றாள். பரியம் பதினோரு வெள்ளி ரூபாய். பத்து இருந்தது. ஒன்று குறைந்தது. அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஊர்க்கவுண்டர், "வாம்மா. பாஞ்சால உன்னாண்ட வித்ததா சொல்றா. அதுக்கு இன்னா வெல?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி புருஷனின் அண்ணன் ஏழுமலை பேசினான். "எங்க தாத்தா காலத்துலர்ந்து அத்த பன்னி ரூவான்னுதான் சொல்வோம். போன்ல ஒருத்தன் போட்டுக் கீறான், ரெண்டு லட்சம். எடுத்து வைக்கட்டும், வுட்டுடறோம். அதுவரைக்கும் அவ எங்க வூட்டு மருமவதான்."

பாஞ்சாலையிடம் இரண்டாயிரம்கூட இருக்காது. செல்வி அம்மா முதுகுக்குப் பின்னால் முகத்தைக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். வெள்ளி விலையைச் சொன்னால் போதும், அந்தப் பெண் இன்றைக்கே பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். நான் ஆறாயிரத்துக்கு விற்றதும் வெளியே வராது. இரண்டையும்தான் நினைத்தேன்.

"எண்ணூறு ரூவாங்க" என்றேன்.

"கேக்கலம்மா. ஒரக்க சொல்லு."

"எண்ணூறு."

செல்வி எட்டிப் பார்த்தாள். பாஞ்சாலை முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை எண்ண ஆரம்பித்தாள்.

ஏழுமலை எழுந்து என் எதிரில் வந்து நின்றான். "சரி யம்மா. எண்ணூறு நான் தர்றேன். எனக்கு ஒண்ணு வாங்கிக் குடு."

கூட்டத்தில் சிரித்தார்கள். "இன்னா பாசிக்காரம்மா, வாயயும் சேத்து வித்துட்டியா?" என்றான் ஒருவன்.

ஏழுமலை கேட்டது சரியான கேள்வி. நான் சொன்ன விலைக்கு என்னாலேயே வாங்க முடியாது என்றால், அது என்ன விலை?

"எண்ணூறுக்குக் கெடைக்காதுங்க" என்றேன். "நான் பாஞ்சாலகிட்ட எழுநூறுக்கு வாங்குனேன். வேலூர்ல ஆறாயிரத்துக்குக் குடுத்தேன்."

பாஞ்சாலை எண்ணுவதை நிறுத்தினாள்.

"பாத்தீங்களா, இப்ப ஆறாயிரம்ன்றா" என்றான் ஏழுமலை. "இன்னும் கொஞ்சம் அமுக்குனா ரெண்டு லட்சம் வந்துடும்."

"ரெண்டு லட்சம்னு போட்டவன் வாங்க மாட்டாம்ப்பா. பதிவு பண்ணணும், மொதல்ல ஆயிரத்து ஐந்நூறு அனுப்புன்னு கேப்பான். கேட்டுப் பாரு."

ஏழுமலை போனைப் பார்த்தான். அதுவரைக்கும் பேசாமல் இருந்த செல்வி புருஷன், "அனுப்பியாச்சி" என்றான்.

கவுண்டரே துண்டை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கினதும், "அப்ப ஆறாயிரம்னு முடிச்சிக்கலாமா?" என்று பாஞ்சாலையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"துட்டு வேணாங்க" என்றேன். "காசையே எடுத்துனு வரேன். ஒரு வாரம் குடுங்க."

3

பாபு பெட்டியைத் திறந்தார். நான் கொடுத்த அதே காசு, பிளாஸ்டிக் உறையில் இருந்தது.

"எட்டாயிரத்து ஐந்நூறு போட்டுக் கீறேன்மா. உங்களுக்கு எட்டு."

"ஆறுக்குத்தான வாங்குனீங்க."

"ஆறு உங்களுக்கு. கடை வாடக, கரண்டு. ரெண்டு வருசமா போட்ட பணம் அப்பிடியே தூங்குது. மிச்சம் என் லாபம். இதுல மறைக்க ஒண்ணும் இல்ல."

சேர்த்து வைத்திருந்ததை எடுத்து எட்டாயிரம் கொடுத்தேன். திரும்புகிற பஸ்ஸில் எனக்குப் பணத்தைப் பற்றி அவ்வளவு வருத்தம் இல்லை. அவர் என்னிடம் சொன்ன மாதிரி நான் யாரிடமாவது ஒரு நாளாவது சொன்னேனா என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மறுபடி கூடிய கூட்டத்தில் கவுண்டர் காசைக் கல்லில் தட்டிச் சத்தம் கேட்டார். பிறகு மற்ற பத்தோடு சேர்த்து ஏழுமலை கையில் கொடுத்தார். உறவு அறுந்ததற்கு அடையாளமாக செல்வி புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டான். அவ்வளவுதான். செல்வி எழுந்து யாரையும் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் நடை வேகமானது.

ஏழுமலை காசைப் புரட்டிப் பார்த்தான். "இத்த வச்சி நான் இன்னா பண்றது? நீயே எடுத்துக்க. இன்னா தருவ?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். "வேலூர்ல ஆறாயிரம் குடுப்பாங்க. பஸ்ஸுக்கும் என் ஒரு நாள் கூலிக்கும் ஐந்நூறு. உனக்கு அஞ்சாயிரத்து ஐந்நூறு."

"இதுல மறச்சது ஒண்ணும் இல்லியே?"

"இல்லப்பா."

யோசித்துச் சொல்கிறேன் என்று பையில் போட்டுக்கொண்டான்.

பஸ்ஸுக்கு வரும்போது பாஞ்சாலை கூடவே வந்தாள். நான் செலவு செய்ததைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"அவனாண்ட சொன்னியே, அதே மாதிரி அன்னிக்கு எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?" என்றாள். குரலில் கோபம் இல்லை.

"நீ கேக்கல பாஞ்சால."

"கேக்கறதுக்கு எனக்கு இன்னா தெரியும்க்கா?"

பஸ் வரும் வரைக்கும் நின்றுவிட்டுத்தான் போனாள்.

நான் அதிகம் பேச மாட்டேன், கூச்ச சுபாவம் என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல குணம் என்றே நானும் இருந்துவிட்டேன். அந்த ஒரு காசில் மட்டும் என் கூச்சம் சம்பாதித்துக் கொடுத்தது ஐயாயிரத்து முந்நூறு ரூபாய்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு வருடம், தேய்மானம், புளி போட்டது, போடாதது எல்லாம் ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும். நியாய விலை எது என்பதுதான் எனக்கே தாமதமாகப் புரிந்தது. விற்கிறவள் முன்னாலும் வாங்குகிறவன் முன்னாலும் ஒரே மாதிரி சொல்ல முடிந்தால் அது நியாய விலை. இப்போது வேலூரில் என்ன கிடைக்கும், அதில் என் பங்கு எவ்வளவு என்று சொல்லிவிட்டுத்தான் காசைக் கையில் வாங்குகிறேன். சிலர் கேட்டுவிட்டுத் தாங்களே வேலூருக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

கூச்சம் போகவில்லை. விலையை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் தலையைக் குனிகிறேன்.