நல்லதம்பி படித்த சட்டம்

தென்னூரில் ஒரு நான்கு மாடி அடுக்ககத்தின் வாசலில் பகல் நேர வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கும் நல்லதம்பிக்கு ஐம்பத்தாறு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் போன மாசி மாதம் யாராவது அவரிடம் பேச்சுக் கொடுத்திருந்தால் திகைத்துப் போயிருப்பார்கள். கைது செய்தவரை எத்தனை மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், வக்கீல் வைக்க வசதியில்லாதவர் இலவச வக்கீலுக்கு எங்கே போய்க் கேட்க வேண்டும், விசாரணைக் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் என்ன வித்தியாசம், எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. அவரும் கொடுக்க விடவில்லை. காதில் எப்போதும் இயர்போன் இருக்கும். மூன்றாம் மாடி பேங்க் அம்மா ஒரு நாள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, “என்ன நல்லதம்பி, குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?” என்று சிரித்தார்.

“சும்மா பழைய பாட்டுங்கம்மா” என்றார் நல்லதம்பி. காதில் அப்போது ஒரு வக்கீலம்மா தமிழில் ஜாமீன் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

மகன் அஜித்துக்கு இருபத்து நாலு வயது. லோடு வண்டி ஓட்டுகிறவன். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கத்துத் தெரு ஒன்றில் வண்டியை நிறுத்தியதற்காக வாய்த் தகராறு. கை கலந்தது. கீழே விழுந்த ஒருவருக்கு மண்டையில் பதினோரு தையல். நாலு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அஜித்தும் அதில் ஒருவன். அடித்தது அவனா இல்லையா என்பதை வழக்கு முடிவு செய்யட்டும். அவன் மத்திய சிறைக்குப் போனதும் நல்லதம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கோர்ட்டில் கொடுத்த தாளில் வழக்கு எண் இருந்தது. அதைப் போனில் தட்டினால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் அரசு இணையதளம் ஒன்று உண்டு என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அன்றைக்குப் பிடித்த போனை நல்லதம்பி கீழே வைக்கவில்லை. அங்கிருந்து சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பக்கம், அங்கிருந்து சட்டத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு, அங்கிருந்து வீடியோக்கள். நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் தீர்ப்பே வராதவர்கள் என்று ஓரிடத்தில் படித்தபோது அவருக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. நம் பிள்ளை மட்டும் இல்லை. அப்புறம்தான் அந்தக் கணக்கின் பாரம் நெஞ்சில் இறங்கியது. அத்தனை வீடுகளிலும் ஒரு நல்லதம்பி இருப்பான் அல்லவா?

இத்தனையும் கெட்டிக்காரத்தனம்தான். அவர் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிட வேண்டும்.

அஜித் உள்ளே போன இரண்டாவது வாரம், துறையூருக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் ஒரு காதுகுத்து. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த மச்சான் வீரமலை, நல்லதம்பி மனைவி ரெங்கம்மாளுக்கு அண்ணன், சாதாரணமாகத்தான் கேட்டார். “அஜித்து எங்க மாப்ள? ஆளையே காணோம்?”

“சிங்கப்பூர் போயிட்டான் மச்சான்.”

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று அவருக்கே தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்தில் இதைவிட நம்பும்படியான பொய் கிடையாது. தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பந்தியே சந்தோஷப்பட்டது. வீரமலை, “முட்டி வலி உயிரை எடுக்குது. வர்றவங்க கையில ரெண்டு கோடாலித் தைலம் குடுத்தனுப்பச் சொல்லுங்க” என்றார். நல்லதம்பி தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கடையில் அதை வாங்கி, மகன் அனுப்பியதாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்தபோது சிரிக்கவும் செய்தார்.

மாசி மாதத்தில் ஒரு பிற்பகல், வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடி வழக்கு எண்ணைத் தட்டியவர் திரையை இரண்டு முறை படித்தார். ஜாமீன் மனு ஏற்கப்பட்டது. ஆணைக்குழு கொடுத்திருந்த இலவச வக்கீலுக்கு இவர்தான் போன் செய்து சொன்னார். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், ஒருவராவது ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்றது உத்தரவு. ஒருவர் அப்பா. ஊரில் அவர் பெயரில் வீட்டு வரி ரசீது இருக்கிறது. இன்னும் ஒரே ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் வேறு யார்? காணி நிலமும் சொந்த வீடும் உள்ள தாய்மாமன் வீரமலைதான். வீரமலையிடம் போனால் சிங்கப்பூர் என்ன ஆவது?

அடுக்ககத்தில் கேட்கலாம் என்றால் வேலை போய்விடுமோ என்று பயம். ஆகவே நல்லதம்பி மறுபடி போனைத் திறந்தார். இரண்டாவது ஜாமீன்தாரர் இல்லாமல் மகன் வெளியே வர வழி தேடினார். வழியும் அகப்பட்டது. ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் இல்லாமல் ஒருவர் உள்ளேயே கிடந்தால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் யோசிக்கலாம் என உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைப் படித்த அன்று அவர் இரண்டு டீ குடித்தார்.

ஒரு மாதம் போகட்டும் என்று காத்திருந்தார். பெற்ற பிள்ளை உள்ளே இருக்க, மாதம் போகட்டும் என்று ஒரு தகப்பன் காத்திருந்தார். வாரா வாரம் சிறையில் மனுப் போட்டு அவனைப் பார்க்கும்போது, “ஆள் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்டா, ஒருத்தரும் மசிய மாட்டேங்கறாங்க” என்பார். “நீங்க அலையாதீங்கப்பா, வெயில் ஜாஸ்தியா இருக்கு” என்பான் அவன். ஊரில் இருக்கும் ரெங்கம்மாள் போனில் அழுவாள். “எங்கண்ணன்கிட்ட நானாவது சொல்லிடறேங்க” என்று மன்றாடுவாள். “வாயைத் திறந்த, தெரியும் சேதி” என்று அடக்கிவிடுவார்.

மாதம் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மேலும் ஒன்பது நாள் பார்த்துவிட்டு, லீவு போட்டுக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்ட உதவி மையத்துக்குப் போனார். அங்கே ஹஃப்ஸா என்ற பெண் தன்னார்வலராக உட்கார்ந்திருந்தாள். நல்லதம்பி உச்ச நீதிமன்றம் சொன்னதை வரி பிசகாமல் ஒப்பித்தார்.

“எங்களுக்கு ட்ரெயினிங்ல சொன்னதை நீங்க எனக்கே சொல்றீங்களே ஐயா!” என்று அவள் வியந்துபோனாள். “கண்டிப்பா மனுப் போடலாம். ஒரு ஜாமீன்தாரர் நீங்க இருக்கீங்க. இன்னொருத்தருக்கு யார் யாரைக் கேட்டீங்க?”

நல்லதம்பி மேசையைப் பார்த்தார்.

“சும்மா ஒரு வரி எழுதணும் ஐயா. இன்னார் இன்னாரைக் கேட்டேன், யாரும் முன்வரலன்னு. பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

பேனாவைப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள். மூன்று மாதமாக அவர் பார்த்த எந்த வீடியோவிலும் இந்தக் கேள்வி வரவில்லை. சொல்ல ஒரு பெயர்கூட இல்லை. “திங்கக்கிழமை வர்றேம்மா” என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினார். காவிரிப் பாலத்தின் மேல் போகும்போது வழக்கமாகக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுகிறவர், அன்று தலை நிமிரவே இல்லை.

வீரமலை வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “வாங்க மாப்ள! என்ன சொல்றாரு சிங்கப்பூரார்?”

நல்லதம்பி நின்றபடியே சொன்னார். தகராறு, சிறை, ஜாமீன், பந்தியில் சொன்ன பொய், தைலம், ஒன்று விடாமல். வீரமலை குறுக்கே பேசவில்லை.

“பய உள்ள போனதை நான் பெருசா நெனைக்கல” என்றார், எல்லாம் கேட்டு முடித்ததும். “வயசுப் புள்ள, கை நீண்டிருக்கும். ஆனா என் தங்கச்சி இத்தனை நாளா இந்த வீட்டுக்கு வந்து சிரிச்ச மூஞ்சியோட நின்னுச்சே. பெத்த வயிறு எரிய எரிய அதை நடிக்க வச்சிட்டீங்களே மாப்ள.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எப்ப வரணும்?”

“நாளைக்கு, மச்சான். ஆதார் கார்டு, வீட்டு வரி ரசீது, ரெண்டு போட்டோ.”

“மாசியிலயே கேட்டிருந்தா மாசியிலயே வந்திருப்பேன்.”

திங்கட்கிழமை கோர்ட்டில் கையெழுத்தானது. செவ்வாய் சாயங்காலம் சிறை வாசலில் இருவரும் காத்திருந்தார்கள். கைதான அன்று போட்டிருந்த அதே சட்டையில் அஜித் வெளியே வந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. மாமாவின் காலைத் தொட்டான். வீரமலை அவனை இழுத்து முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்துவிட்டு, கண்ணைக் காட்டாமல் டீ சொல்லப் போனார்.

அப்பாவும் மகனும் தனியாக நின்றார்கள். அஜித் மெதுவாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாமாவை எப்படிப்பா சம்மதிக்க வச்சீங்க? இந்த நாப்பது நாளும் நடையா நடந்திருப்பீங்கல்ல?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீரமலை காட்டிக்கொடுக்கிற ஆளும் இல்லை.

“இல்லப்பா. மாமாவை ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அதுவும் ஞாயித்துக்கிழமைதான் கேட்டேன்.”