படத்தின் பின்பக்கம் ஒரு குறை

சந்தேகம் எனக்கு உத்தியோகத்தோடு வந்த வியாதி. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இன்னும் இறங்காத ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் மேரியில் குமாஸ்தா. மேரி என்றால் எங்கள் ஊரில் நகராட்சி. பிறப்பு, இறப்பு, கல்யாணம் பதிகிற மேசை என்னுடையது. வயதைக் குறைத்துச் சொல்கிறவர்கள், செத்தவர் கையெழுத்தோடு வந்து நிற்கிறவர்கள் என்று தினமும் நாலு பேரையாவது மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பழகியவன். போதாததற்கு ஊரைச் சுற்றிச் சுங்கச் சோதனை. பேரளம் வரை ரயிலில் போய்வந்தால் சோற்றுத் தூக்கைக்கூடத் திறந்து காட்ட வேண்டும். அந்த வருடங்களில் ஊரில் யாரும் யாரையும் முழுதாக நம்பவில்லை. நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்பவில்லை.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது, பொம்மை ரயில். சாவி கொடுத்தால் ஓடுகிற தகர ரயில் ஒன்றை வைத்துக்கொண்டு, பழைய ரிஜிஸ்டர் அட்டைகளை வெட்டி நிலையம், பாலம், கைகாட்டி எல்லாம் ஒரு பலகைமேல் செய்து வைத்திருந்தேன். அந்த ஏற்பாட்டுக்கு 'மேசை' என்று பெயர். மனைவி அதற்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

இதே பைத்தியம் இன்னும் இரண்டு பேருக்கு இருப்பது ஒரு போலீஸ்காரரால் தெரிய வந்தது. ரயில் ஏறாமல், யாரையும் அழைக்காமல், மூன்று பேர் தினமும் நிலையத்தில் நின்று எஞ்சின் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்தால் அவர் சும்மா இருப்பாரா? மூவரையும் ஒன்றாக நிறுத்தி விசாரித்தார். ஒருவர் குரும்பகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார். இன்னொருவர் சைகோனில் ஜவுளி வியாபாரம் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த பாய். சும்மா எஞ்சின் பார்க்கத்தான் என்று மூவரும் தனித்தனியே ஒரே பதிலைச் சொன்னதும் போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் டீக்கடைக்குப் போனோம்.

என்னிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. சுருளுக்கு எட்டுப் படம். மூவரும் முறை வைத்துக் கேமராவை வீட்டுக்கு எடுத்துப்போய் அவரவர் மேசையைப் படம் பிடிப்போம். கழுவி வந்த படங்களை மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு வாரம் வைத்திருந்து பார்ப்போம். சட்டம் இரண்டு, இரண்டும் நான் போட்டவை. ஒன்று, படத்தில் இருப்பது தன் கையால் செய்ததாக இருக்க வேண்டும். பொய் சொன்னால் அதன்பிறகு கேமரா இல்லை. இரண்டு, படத்தின் பின்பக்கம் ஆளுக்கு ஒரு குறை எழுத வேண்டும், பாராட்டு எழுதக்கூடாது.

அந்தக் குறைகளில்தான் எங்கள் சிநேகிதம் வளர்ந்தது. 'ஆடு எஞ்சினை இழுத்துக்கொண்டு போய்விடும் போலிருக்கிறது' என்று வாத்தியாருக்கு நான் எழுதினேன். அவர் மண் ஆட்டை உருட்டிச் சிறியதாக்கினார். எனக்கு பாயிடமிருந்து வந்த குறைகள்தான் உயிர். பொடிப் பென்சில் எழுத்தில் ஒருமுறை, 'கைகாட்டிக்கு இரண்டு பக்கமும் நிழல். உங்கள் ஊரில் எத்தனை சூரியன்?' என்று வந்தது. நான் இரண்டு விளக்கு வைத்துப் படம் எடுத்ததைக் கண்டுபிடித்துவிட்டார்! அன்று முழுவதும் ஆபீசில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கஷ்டம் என்னவென்றால், பாயின் படங்களில் எனக்குக் குறையே அகப்படவில்லை. அது எங்கள் காரைக்கால் நிலையமேதான். ஓட்டுச் சரிவு, தண்ணீர்த் தொட்டி, வேலியோரத்து ஆடுதொடாச் செடி, பின்னால் தெரிகிற மாடி வீடு, எல்லாம் அப்படியே. எஞ்சின் புகைகூட விட்டது. கேட்டால் பாய் சிரித்துக்கொண்டே டீயை ஆற்றுவார். மேசையைப் பார்க்க வரட்டுமா என்றால், "மேல்மாடில இருக்கு. ஊட்ல பொம்புளையா இருக்காங்க, இன்னொரு நாளைக்கிப் பாப்போம்" என்பார். அந்த இன்னொரு நாள் வருடக்கணக்காக வரவில்லை.

எனக்கு உறுத்தத் தொடங்கியது. இந்த மனிதர் எங்கேயோ உயரத்தில் ஏறி நின்று நிஜ நிலையத்தைப் படம் எடுத்து எங்கள் காதில் பூ சுற்றுகிறாரோ? லென்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தேன். நிழல்களை ஸ்கேல் வைத்து அளந்தேன். கடைசியில் ஒரு படத்தின் பின்னால் தந்திரமாக, 'குறை: அளவு தெரியவில்லை. பிளாட்பாரத்தில் ஒரு தீப்பெட்டி வைத்து எடுக்கவும்' என்று எழுதினேன். அடுத்த சுருள் வந்தது. எட்டுப் படத்திலும் தீப்பெட்டி இல்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கேமரா பாயிடம் இருந்த வாரம் செவ்வாய்க்கிழமை அடித்த காற்றில் நிலையத்துக் கைகாட்டியின் கை பாதியில் முறிந்து தொங்கியது. பாயின் படத்திலும் கைகாட்டியின் கை பாதியில் முறிந்து தொங்கியது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? வாத்தியார் மட்டும், "பாவம் சார், கேட்டுப் பாத்துட்டு எழுதுங்க" என்றார். பாவ புண்ணியம் பார்க்கிற நிலையில் நான் இல்லை. படத்தின் பின்னால் 'குறை: இது மேசை அல்ல, ஸ்டேஷன். பொய்' என்று மையால் எழுதி, டீக்கடையில் பாய் கையில் கொடுத்து, இனி கேமரா கிடையாது என்றும் சொன்னேன். அவர் படித்தார். பாதி டீயை வைத்துவிட்டு, படத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன்?

மூன்று வாரம் பாய் வரவில்லை. டீக்கடையில் நானும் வாத்தியாரும் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துச் சலித்தோம். பிறகு ஒருநாள் என் ஆபீஸ் மேசை முன்னால் வந்து நின்றார். "ஒரு எட்டு ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்றார். அகப்பட்டவர் சமாதானம் பேசக் கூப்பிடுகிறார் என்றே நினைத்தேன்.

மாடியில் ஒரு நீளமான அறை. ஜன்னலுக்கு நேரே, தெரு தாண்டி, ரயில் நிலையம். ஜன்னலுக்குக் கீழே அதே நிலையம், மேசைமேல். தண்ணீர்த் தொட்டி மருந்து டப்பா. ஆடுதொடா காய்ந்த பாசி. எஞ்சினின் புகைக்கூண்டில் ஊதுபத்தித் துண்டு. நான் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நிலையத்தின் பக்கத்தில் நிறுத்தினேன். ஓட்டுக் கூரைக்குச் சரியாக இருந்தது. என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

"தப்பு என்னோடதுதான் பாய்" என்றேன்.

"இல்லங்க. பொய்னு நீங்க எழுதுனது சரிதான்." அவர் பக்கத்து அறைக் கதவைப் பார்த்தார். "இதுல ஒரு குச்சிகூட நான் வச்சதில்ல. எல்லாம் எங்க ஊட்டம்மா செஞ்சது. படமும் அவங்க எடுத்ததுதான். நமக்கு ரயிலப் பாக்கத்தான் தெரியும். தன் கையால செஞ்சதுன்னு நீங்க சட்டம் போட்டுட்டீங்க. உள்ளதச் சொன்னா கேமராவ நிறுத்திடுவீங்களோன்னு..."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கைகாட்டி முறிஞ்சது செவ்வாக்கெழம, அண்ணே. புதன்கெழம நானும் முறிச்சிட்டேன்."

எதையாவது கேட்க வேண்டுமே என்று, "தீப்பெட்டி ஏன் வைக்கலம்மா?" என்றேன்.

"ஸ்டேஷன்ல அவ்வளவு பெரிய தீப்பெட்டி ஏதுங்க?"

பாய் பேனாவோ பென்சிலோ பிடித்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கையெழுத்தை வைத்து ஆளைச் சொல்கிறவன் என்று பேர் வாங்கிய நான்! இரண்டு சூரியனைக் கண்டுபிடித்ததும் இந்த அம்மாதான்.

"அந்தப் படங்க வரலன்னா அவங்களுக்கு வாரமே போவ மாட்டேங்குது. மூணு வாரமா மேசகிட்டயே போவல" என்றார் பாய், தணிந்த குரலில்.

உள்ளேயிருந்து, "கேமரா வருமா வராதாங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. கெஞ்சவில்லை. கோபமும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார், அவ்வளவுதான். நாளைக்கே வரும் என்றேன்.

அடுத்த சுருளில் ஒரு படம். மேசையின் பிளாட்பாரத்தில் மூன்று பேர் நின்று எஞ்சினைப் பார்க்கிறார்கள். கக்கத்தில் குடையோடு வாத்தியார், தலையில் தொப்பியோடு பாய். கண்ணாடிக்கு மேலாகத் தலையைச் சாய்த்து முறைக்கிற ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வாத்தியார் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டார். நான் பெரிய மனசு பண்ணுகிற நினைப்பில் பின்னால் எழுதினேன்: 'குறை: நாலாவது ஆள் இல்லை.'

படம் அந்த வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. என் வரிக்குக் கீழே பொடிப் பென்சில் எழுத்து: 'இருக்கிறேன். உங்களிடம்தான் லென்ஸ் இருக்கிறதே.'

லென்சை எடுத்தேன். பிளாட்பாரத்தில் தேடினேன், வேலியோரம் தேடினேன். கடைசியில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மாடி வீட்டின், அதாவது பாய் வீட்டின், ஜன்னலில், நெல்மணி அளவில், முக்காடு போட்ட ஓர் உருவம். பழைய படங்களையெல்லாம் வாங்கிவந்து பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தீப்பெட்டிக்கு முந்தைய படங்கள், என் மை எழுத்து இருந்த படம், எதிலும் அந்த ஜன்னல் காலியாக இல்லை. வெட்கத்தில் காது சுட்டது. நான் நிழல்களை அளந்துகொண்டிருந்த அவ்வளவு நாளும், முதல் படத்திலிருந்தே, அந்த அம்மா அங்கே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.